பாலுக்கு ஒரு தபால் எண்

“நாலு இலக்கத்தில தபால் எண் வேணுமாம். இல்லாட்டிப் பாலை விடமாட்டுதாம்,” என்றார் திருமதி பண்டா. “நான் பிறந்த வீட்டுக்கே தபால் எண் இல்லை, மகளே. பாலுக்கு எங்கை போய் எடுக்கிறது?”

கோப்பன்ஹேகனில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், போனைக் காதில் வைத்திருந்த சுஜாந்தினிக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. மலாவியிலிருந்து ஸாம்பியாவுக்குப் போகும் பாதையில், எல்லைக் கதவுக்கு முன்னால், மூன்று தொன் பாலோடு திருமதி பண்டாவின் லொறி காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறது. அந்தக் கதவைத் திறக்கவேண்டிய கணினித் திட்டத்தைச் செய்தது சுஜாந்தினி வேலை செய்யும் கம்பனி. ‘ஒரே வாசல்’ என்று பெயர். இன்றைக்குத்தான் முதல் நாள்.

ஆபிரிக்க நாடுகள் தங்களுக்குள் வாங்கி விற்க வரி இருக்கக்கூடாது, இழுபறி இருக்கக்கூடாது. பொருளின் விவரத்தைக் கணினியில் போட்டால் பத்து நிமிடத்தில் பச்சை விளக்கு எரியவேண்டும். இதுதான் திட்டம். இரண்டு வருடமாகச் சுஜாந்தினி அதில் வேலை செய்தாள். சம்பளத்துக்காகத் தொடங்கி, பிறகு உண்மையாகவே நம்பத் தொடங்கியிருந்தாள்.

திருமதி பண்டாவின் பதிவைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். பொருள்: பாலும் பாற்பொருட்களும். எடை: மூன்று தொன். உற்பத்தியான நாடு: டென்மார்க்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘ஒரே வாசல்’ முதலில் டேனிஷ் வியாபாரிகளுக்காகச் செய்த பழைய திட்டம். நிறத்தையும் பெயரையும் மாற்றி ஆபிரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். பட்டியலிலிருந்து டென்மார்க்கைத் தூக்குங்கள் என்று மூன்று கூட்டத்தில் சொல்லியிருந்தாள். ஒருவரும் தூக்கவில்லை. இப்போது பார், மலாவிக்காரியின் பாலுக்கு மேல் அது தானாக வந்து குந்திக்கொண்டிருக்கிறது.

“மன்னிக்கவேணும், அம்மா. உங்கட நாட்டின்ர பேர் வரவேண்டிய இடத்தில எங்கட நாட்டின்ர பேர் நிக்குது. இப்ப திருத்திவிடுறன்.” டென்மார்க்கை அழித்து மலாவி என்று போட்டாள். “சரி, மாத்தியாச்சு.”



“கணினியில எழுதினா நாடு மாறுமோ?” என்று கேட்டார் திருமதி பண்டா.

“ஓம், மாறியிட்டுது.”

“நல்ல கணினி.”

ஆனால் கணினி அடுத்த கேள்விக்குப் போயிருந்தது. பால் கொடுத்த மாடு ஒவ்வொன்றின் காதிலும் குத்தியிருக்கும் அட்டையின் இலக்கம் வேண்டுமாம். ஒரு மாடும் விடுபடக்கூடாதாம்.

சுஜாந்தினி கண்ணை மூடித் திறந்தாள். “அம்மா, இது எத்தினை மாட்டின்ர பால்?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள்தான் சொல்லவேணும்.”

எவ்வளவு நியாயமான கோபம் என்று சுஜாந்தினி நினைத்தாள். விடியற்காலையில் ஏழெட்டுக் கிராமத்துப் பெண்கள் ஆளுக்கொரு போத்தலாகக் கொண்டுவந்து ஊற்றும் பால். அதில் எந்தத் துளி எந்த மாட்டினது என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள்? மாட்டின் காதைப் பதிவு செய்வது மாட்டைவிடக் கணினி கூடுதலாக இருக்கும் நாட்டுக்காரர் செய்கிற வேலை.

வேறு வழி ஒன்று இருந்தது. நாடு டென்மார்க் என்று இருந்தபோது கணினி தபால் எண் ஒன்றைத்தான் கேட்டது. டேனிஷ் மாடுகளின் காதெல்லாம் ஏற்கனவே பதிவில் இருப்பதால் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. ஆகவே பழையபடி டென்மார்க் என்றே போட்டு, ஒரு தபால் எண்ணையும் கொடுத்துவிட்டால் என்ன? சின்னப் பொய்தானே. நல்ல காரியத்துக்காகச் சொல்கிற பொய்.

கையில் முதலில் வந்த எண் 7200. டென்மார்க்கின் மேற்கே, யூலன்டில் அவளுடைய தாயும் தகப்பனும் இருக்கிற கிரின்ஸ்டெட் பட்டினத்தின் எண். கணினி தெருவும் வீட்டிலக்கமும் கேட்டது. அதையும் கொடுத்தாள். திரையில் மஞ்சள் விளக்கு வந்தது: ‘பரிசோதனை நடைபெறுகிறது’.

“இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கோ, அம்மா.”

“பொறுக்கிறன். நாளைக்குச் சந்தை, மகளே. இண்டைக்கு நான் அந்தப் பக்கம் நிக்கவேணும். இஞ்சை ஒதுங்கி நிக்க ஒரு மரம்கூட இல்லை.”

அங்கே வெயில் ஏறிக்கொண்டிருக்கும். மூன்று தொன் பால். சுஜாந்தினிக்கு அது புளிக்கும் மணமே மூக்கில் அடித்தது.

பதினொன்றரைக்குத் தகப்பன் சிறீஸ்கந்தராசா போன் எடுத்தார். வேலை நேரத்தில் ஒருநாளும் எடுக்காதவர்.

“பிள்ளை, பூட்ஸ் போட்டுக்கொண்டு ரெண்டு பேர் வந்து நிக்கினம். மாடு எங்கையெண்டு கேக்கினம்.”

“எந்த மாடு?”

“மூண்டு தொன் பால் குடுத்த மாடு. எங்கட விலாசத்தில இருந்து வெளிநாட்டுக்குப் பால் போகுதெண்டு அவையின்ர கணினியில வந்திருக்காம். பக்கத்துப் பண்ணையைப் பரிசோதிக்க வந்த அரசாங்க ஆக்கள், இஞ்சையும் ஏறியிட்டினம்.”

“அப்பா, உங்கட வீடு ரெண்டாம் மாடியெல்லோ.”

“அதைத்தான் நானும் சொன்னனான். ஒருத்தன் பல்கனியை எட்டிப் பாத்திட்டு வந்தவன். கொம்மா ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி குடுத்து இருத்திவைச்சிருக்கிறா. முப்பத்திரண்டு வருசமா இந்த நாட்டில ஒரு பூனைகூட வளக்கேல்லை, பிள்ளை. இப்ப மாடு ஒளிச்சு வைச்சிருக்கிறன் எண்டு எழுதப்போறாங்கள்.”

“அது ஒரு பிழை, அப்பா. அந்தப் பால் திருமதி பண்டாவின்ர.”

“பண்டாவோ? சிங்கள ஆளோ?”

“இல்லை. ஆபிரிக்கா.”

“அங்கையும் பண்டாவோ,” என்றார் சிறீஸ்கந்தராசா. நாடு விட்டு நாடு வந்தும் தப்பவில்லை என்பதுபோல இருந்தது குரல்.

வந்தவர்களுக்கு ஒருவழியாகச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, சுஜாந்தினி பதிவையே ரத்துச் செய்தாள். முதலிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்பது அவளுடைய எண்ணம். ‘ஒரே வாசல்’ அப்படி எண்ணவில்லை. விசாரணை நடக்கும்போது பதிவை ரத்துச் செய்தால் அது கள்ளக் கடத்தல் என்று அதற்குள் எழுதியிருந்தது. எழுதியவர்களில் அவளும் ஒருத்தி.

இந்த முறை போனில் வந்தது ஆண் குரல். எல்லைக் கதவின் சுங்க அதிகாரி, பிரி என்று பெயர் சொன்னார்.

“லொறிக்கு மூண்டு நாளைக்கு முத்திரை வைக்கச் சொல்லிக் கணினியில வந்தது. வைச்சிட்டன். ஆனா ஒரு கேள்வி.”

“சொல்லுங்கோ.”

“சாரதியின்ர சப்பாத்தும் மத்தியானச் சாப்பாடும் பின்னுக்கு, பாலோட சேர்ந்து உள்ளுக்கை போயிட்டுது. முத்திரையை உடைச்சா நான் குற்றவாளியோ, உடைக்காட்டி அவன் பட்டினியோ? உங்கட புத்தகத்தில இதுக்குப் பதில் இல்லை.”

பின்னால் ஒருவன் சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்வது கேட்டது. திருமதி பண்டா போனைப் பறித்துக்கொண்டார்.

“மகளே, காலமை வரேக்கை என்னட்ட ஒரு லொறி இருந்தது. நீங்கள் உதவி செய்யச் செய்ய அது குறைஞ்சுகொண்டு போகுது. இனி உதவவேண்டாம். கதவைத் திறவுங்கோ, போதும். ரெண்டு நாட்டுக்கும் இடையில வரி இல்லை, தடை இல்லை எண்டு சுவரில பெரிசா ஒட்டியிருக்கு. வாசிச்சுப்போட்டுத்தான் வந்தனான்.”

சுஜாந்தினி எழுந்து மேலாளர் மரினாவிடம் போனாள். கணினியை மீறிக் கதவைத் திறக்கும் கடவுச்சொல் மரினாவிடம் மட்டும்தான் இருந்தது.

மரினா கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “பியூட்,” என்றாள். நடந்தது நடந்துவிட்டது, விட்டுத்தள்ளு என்பதற்கு டேனிஷ்காரர் வைத்திருக்கும் ஒற்றைச் சொல் அது. “முதல் நாள் எண்டா இப்பிடித்தான். விதியை மீறிறதெண்டா வழிநடத்துற குழு சம்மதிக்கவேணும். இது நாப்பத்திரண்டாம் கிழமை, எல்லாரும் இலையுதிர்கால விடுமுறையில. நாப்பத்துநாலாம் கிழமை நிகழ்ச்சிநிரலில போடுவம்.”

“ரெண்டு கிழமைக்குப் பால் என்னெண்டு இருக்கும்?”

“குளிர்ப்பெட்டி இல்லையோ?”

“மரினா, அது நடுறோட்டில நிக்கிற லொறி.”

“அதை ஒரு அனுபவமா எழுதி வை. அறிக்கையில சேப்பம்.” மரினா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “திட்டத்துக்குக் காசு குடுக்கிற ஆக்கள் வந்திருக்கினம். நான் போகவேணும்.”

சுஜாந்தினி தன் மேசைக்குத் திரும்பினாள். அவள் கூச்ச சுபாவக்காரி. பத்து வருடமாக அந்தக் கம்பனியில் யாரோடும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பிறந்தநாள் கேக்கில் தனக்குத் துண்டு வராமல் போனபோதும் பேசாமல் இருந்தவள். ஆனால் அன்றைக்குக் காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்த கோபம் தொண்டைவரை வந்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

உள்ளே நான்கு விருந்தாளிகள் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய படம்: சிரிக்கிற ஒரு ஆபிரிக்கப் பெண், கீழே ‘பத்து நிமிடத்தில் எல்லை தாண்டலாம்’.

“பத்து நிமிசமில்லை,” என்றாள் சுஜாந்தினி. “ஆறு மணித்தியாலம். இன்னும் தாண்டேல்லை.”

“சுஜாந்தினி, பிறகு கதைப்பம்,” என்றாள் மரினா.

“பிறகு கதைச்சா பால் புளிச்சுப்போகும்.” அவள் சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள். “இண்டைக்கு ஒரு மனுசி தன்ர பாலைப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோக வந்தவ. நாங்கள் அவவிட்ட டேனிஷ் தபால் எண் கேட்டம். மாட்டின்ர காதைக் கேட்டம். கடைசியில கள்ளக் கடத்தல்காரி எண்டு லொறிக்கு முத்திரை வைச்சம். ஒரு நாட்டுக்காரி தன்ர நாட்டுப் பாலைப் பக்கத்து வீட்டுக்கு விக்கிறதுக்கு, எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலை கோப்பி குடிச்சுக்கொண்டிருக்கிற எங்களிட்ட ஏன் அனுமதி எடுக்கவேணும்? அந்தப் பாலுக்கும் டென்மார்க்குக்கும் என்ன சம்பந்தம்?”

அறையில் ஒருவரும் கோப்பியைத் தொடவில்லை. விருந்தாளிகளில் வயதான ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இருபது வருடமாக இந்தத் துறையில் இருக்கிறவர். இத்தனை வருடத்தில் ஒரு கூட்டத்தில் யாரும் கோபப்பட்டு அவர் பார்த்ததில்லை போலும்.

“இந்தப் பிள்ளை சொல்லுறது சரி,” என்றார் மரினாவிடம். “கதவைத் திறவுங்கோ.”

“வழிநடத்துற குழு…”

“குழுவில நானும் ஒருத்தன். விடுமுறை எடுக்காதவன் நான் ஒருத்தன்தான்.”

மரினா முகம் சிவக்கக் கணினிக்கு முன்னால் இருந்தாள். உற்பத்தியான நாடு: மலாவி. வரி: இல்லை. மாட்டுக் காது: விலக்கு. கடவுச்சொல்லை இரண்டு விரலால் அடித்தாள். இரண்டு மணி இருபதுக்குத் திரையில் பச்சை எரிந்தது. விருந்தாளிகள் கை தட்டினார்கள். வயதானவர் எழுந்து வந்து சுஜாந்தினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“அவவோட கதைக்கலாமோ?” என்று கேட்டார்.

சுஜாந்தினி போனை மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டினாள். முதலில் முத்திரைக் கம்பி அறுபடும் ஓசை, பிறகு லொறி உறுமும் ஓசை, அதற்கு மேலால் சாரதியின் சிரிப்பு. ஏதோ மென்றுகொண்டு சிரிக்கிறான் என்று தெரிந்தது.

“திறந்தாச்சு, மகளே,” என்றார் திருமதி பண்டா. “பிரி வரிகூடக் கேக்கேல்லை. நீ நல்லா இருப்பாய்.”

சுஜாந்தினிக்குக் கண் கலங்கியது. அந்த அறையிலிருக்கிற எல்லாரும் கேட்கட்டும், இந்தப் பாலுக்குப் பின்னால் எப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளட்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது.

“அம்மா, இஞ்சை இருக்கிற ஆக்களுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ. உந்தப் பால் தந்த மாடெல்லாம் எந்த ஊரில நிக்குது?”

“அதை என்னட்டக் கேட்டா?” என்றார் திருமதி பண்டா. “லொறியில இருக்கிற பால்மாச் சாக்கெல்லாத்திலயும் டென்மார்க் எண்டு கொடியோட போட்டிருந்தபடியாத்தானே, மகளே, காலமை நான் உங்களுக்கே நேரை போன் எடுத்தனான்.”