விழாத பாலத்துக்கு மதிப்பெண் இல்லை

விழுந்தால்தான் பாலத்துக்கு மதிப்பெண் போட முடியும் என்று போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் யாரோ சொன்னாராம். நான் நேரில் கேட்கவில்லை; கேட்டவர் சொல்லக் கேட்டவர் சொன்னார். நானும் நம்பவில்லை, வரிசைக்காரரைச் சந்திக்கும் வரை.

வரிசைக்காரர் என்பது தனி இனம். நாற்பத்தேழு இடத்தில் சாலையும் பாலமும் கேட்கிறார்கள், நிதியோ ஆறு இடத்துக்குத்தான் காணும் என்றால் நீங்களும் நானும் தலையைச் சொறிவோம். அவர் சொறியமாட்டார். கட்டம் போடுவார். நெரிசலுக்கு இத்தனை, பாதுகாப்புக்கு இத்தனை, பயனடைவோருக்கு இத்தனை என்று நூறு மதிப்பெண்ணைப் பங்குபோட்டு, நாற்பத்தேழு திட்டத்தையும் பரீட்சைக்கு உட்காரவைத்து, விடைத்தாளைத் தானே எழுதி, தானே திருத்தி, கடைசியில் கைகளை விரித்துக் காட்டுவார்.

"நான் எதையும் தேர்ந்தெடுக்கலைங்க. கணக்குதான் தேர்ந்தெடுக்குது."

என்ன அடக்கம்!

வீட்டிலும் அப்படித்தான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னால், முதலில் மற்றக் குழாய்களையெல்லாம் பார்த்துவிட்டு வருவார். ஒப்பீடு இல்லாமல் ஒரு குழாயின் பேச்சை எப்படி நம்புவது?

அந்த மனைவியின் தம்பி பஸ் ஓட்டுகிறார். அவருடைய தடத்தில் ஆற்றின்மேல் ஒரு பழைய பாலம். விரிசல் விட்டபிறகு லாரிகளைத் தடுத்துவிட்டார்கள். பஸ் போகலாம், மெதுவாக. இவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, வெறும் பஸ்ஸை ஊர்ந்து ஓட்டிப்போய், அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்வார். தினமும் எட்டுத் தடவை. பஸ்ஸில் மிஞ்சுவது அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அக்கா வீட்டுக்கு வந்தார்.

"அத்தான், விரிசல்ல என் கை முழுசா உள்ள போகுது."

"போகட்டும் மாப்ளே. அதை எந்தக் கட்டத்துல போடறது?"

"பாதுகாப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கீங்களே!"

"அது நடந்த விபத்துக்கு. அஞ்சு வருஷத்துல உங்க பாலத்துல ஒரு விபத்தாவது உண்டா? பூஜ்யம். போற வண்டியும் குறைவு."

"லாரிய விடறதில்லையே, அப்புறம் எப்படி வண்டி வரும்?"

"காரணத்துக்குக் கட்டம் கிடையாது. ஆள் எண்ணின அன்னைக்கு உன் பஸ் காலியா போயிருக்கு. பயணிகள் பூஜ்யம். ஆனா ஒண்ணு, நாப்பது பேர் நடந்து போனதா இருக்கு. நடைப்பயிற்சிக்கு ரெண்டு மார்க் குடுத்திருக்கேன்."

"விழுந்துட்டா?"

"அது வேற பட்டியல், அவசர நிவாரணம். தனிக் குழு. ரொம்ப நல்லவங்க."

"ஒரு நாள் இவன்கூட அந்த பஸ்ல போய்த்தான் பாருங்களேன்" என்றார் மனைவி.

"நேர்ல பார்த்தா பாரபட்சம் வந்துடும்."

பாரபட்சம் அவருக்கு அறவே ஆகாது. அலுவலகத் தலைவர் ஆசைப்பட்ட புறவழிச்சாலை முதல் கணக்கில் ஒன்பதாவதாக வந்தபோதுகூட, அவர் அதை ஒரு வரிகூட மேலே தூக்கிவைக்கவில்லை. தூக்கலாமா? முறையாகுமா? "எடையைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். பாதுகாப்பில் பதினைந்தை எடுத்து நெரிசலில் வைத்தார். புறவழிச்சாலை தானாக நடந்து முதலிடத்துக்கு வந்தது. மொத்தம் நூறு நூறாகவே இருந்தது. யாரும் குறை சொல்ல முடியாது.

பாலம் நாற்பத்தாறாவது. நாற்பத்தேழாவது ஒரு நடைமேடைக் கூரை. அதற்கு நடைப்பயிற்சி மார்க் கிடைக்கவில்லை.

பட்டியலை நிறைவேற்றும் கூட்டத்தன்று காலையிலிருந்தே நல்ல மழை. வரிசைக்காரர் திரைக்கு முன்னால் நின்று ஏழாவது படத்தை விளக்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் போன் அதிர்ந்தது. மைத்துனர். பஸ் ஓட்டும் நேரத்தில் அவர் யாரையும் கூப்பிடுகிறவர் அல்ல. பஸ் இந்நேரம் பாலத்தருகில் இருக்க வேண்டும். வரிசைக்காரருக்கும் அது தெரியும்; நேர அட்டவணை அவருக்கு மனப்பாடம்.

ஒரு கணம் யோசித்தார். கூட்டத்துக்கு எத்தனை, குடும்பத்துக்கு எத்தனை, மழைக்கு எத்தனை? கணக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எட்டாவது படத்துக்குப் போனார்.

நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்கள், இல்லையா? நிச்சயமாக. போன வாரம் உங்கள் அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டாரே, அன்றைக்கு மட்டும் வேலை. டாக்டர் எழுதிக்கொடுத்த பரிசோதனைச் சீட்டு பையிலேயே மடிந்து கிடக்கிறதே, இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான். காரணங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. கூட்டினால் நூறு வரும்.

கவிழ்ந்த போன் மறுபடி அதிர்ந்தது. மேசை விளிம்பை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே அதிர்ந்தது. கூட்டத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எவரும் கை நீட்டவில்லை. ஒன்பதாவது படம் வந்தது.