தூங்குறீங்களான்னு கேட்டேன்

மனிதர்களில் விருந்தோம்பிகள் என்று ஒரு ரகம் உண்டு. விருந்தாளி கேட்டதைச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் சாதுக்கள், அவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்வது, விருந்தாளிக்கு என்ன வேண்டும் என்பது விருந்தாளியைவிடத் தனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நம்புகிற ரகம். காப்பி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்: டீ வரும். டீயும் வேண்டாமென்றால் பால் வரும். பாலையும் மறுத்தால், சரி, வயிறுதான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டி ஓமத்தண்ணீர் வரும். எதுவுமே வராமல் இருக்க ஒரே வழி, நீங்கள் அங்கே போகாமல் இருப்பதுதான்.

கூனிமேட்டு அப்துல் சுக்கூர் பாய் இந்த ரகத்தில் முதல் தரம். சவூதியில், தம்மாமில், ஏ.சி. மெக்கானிக்காக உழைத்த காசில், சவுக்குத் தோப்பின் ஓரமாகக் கடலைப் பார்த்து மொசைக் தரை போட்டு ஒரு வீடு கட்டினார். குடியிருக்க ஊருக்குள்ளே வேறு வீடு இருந்தது. இது லீவுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விட. மெட்ராஸிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வந்தார்கள், வாஸ்தவம். வந்தவர்களில் யாராவது மறுபடி எட்டிப் பார்த்தார்களா? அதைத்தான் அவர் மனைவி மைமூன் கேட்டாள்.

"ஏங்க, இத்தினி பேரு வந்து போனாங்களே, ஒருத்தராச்சும் ரெண்டாந்தரம் வந்தாங்களா? உப்பு மூட்டை அடுக்க எடம் வேணும்னு முருகையன் கேட்டுக்கினே இருக்காரு. இந்த லீவுக்கு வர்றவங்க வாயால மறுபடி வர்றோம்னு ஒரு வார்த்தை வரலைன்னா, சாவிய அவர் கையில குடுத்துடப் போறேன்."

"மொசைக் போட்ட வீட்ல உப்பு மூட்டையா? வாயக் கழுவு! இந்தத் தடவ நான் கவனிக்கிற கவனிப்புல பாரு, இன்ஷா அல்லா, வந்தவங்க போவவே மாட்டாங்க."

அந்த மே மாதம் பெஞ்சமினும் அவர் மனைவி ஜெனிதாவும் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார்கள். ஜெனிதா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். லைன் கிடைக்காத அத்தனை பேரும் வருஷம் முழுக்க அவள் காதுக்குள்தான் கத்தினார்கள்.

"பாய், எங்களுக்கு ஒண்ணுமே வேணாம்" என்றார் பெஞ்சமின். "மூணு நாளைக்கு யார் குரலும் இவ காதுல விழக் கூடாது. அவ்ளோதான்."

சுக்கூர் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கவலையே படாதீங்க சார். ஒரு சத்தம் வராம நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்.

வாசலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காக்கை ஒரு தரம் கத்தினால் இவர் மூன்று தரம் கத்தி அதை விரட்டினார். மீன்காரி முத்தம்மாள் கூடையோடு வருவதைப் பார்த்ததும், "ஏம்மா! உள்ள ரெஸ்ட் எடுக்கறாங்க! கூவாத!" என்று இவர் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் அனுமந்தைக்கே கேட்டிருக்கும். பாவம், அவள் இன்னும் வாயையே திறக்கவில்லை. அதன் பிறகு உண்மையிலேயே அமைதி உண்டானது. ஆனால் அமைதி சரியாக இருக்கிறதா, குறை ஏதும் உண்டா என்று விருந்தாளியைக் கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? கதவைத் தட்டினார்.

"சார், சத்தம் ஏதாச்சும் வருதுங்களா?"

"இல்ல பாய்."

"மேடத்துக்கு?"

"இல்லைங்க."

"வந்துச்சுன்னா ஒரு கொரல் குடுங்க."

மத்தியானம் மறுபடி தட்டினார். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பெஞ்சமினின் கன்னத்தில் தலையணைச் சுருக்கம் பதிந்திருந்தது.

"என்ன பாய்?"

"ஒண்ணுமில்ல சார், தூங்குறீங்களான்னு கேட்டேன். தூங்குங்க, தூங்குங்க."

இப்படியாக ஒரு நாள் போயிற்று. வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த மாதத்தில், கடற்காற்று ஒத்துக்கொள்ளாது என்று ஃபாரின் கம்பளி இரண்டு போயின. ஆரஞ்சுப் பவுடரைக் கரைத்து ஜக்கு ஜக்காக அனுப்பினார். மட்டன் பிரியாணி போயிற்று. அது செரிக்கச் சுக்குத்தண்ணீர் போயிற்று. எல்லாம் பிடித்திருந்ததா என்று கேட்க அவரே போனார். அவர்கள் "வேணாம் பாய்" என்று சொல்லாமல் இல்லை. சொன்னார்கள், கும்பிட்டுச் சொன்னார்கள். ஆனால் விருந்தோம்பியின் அகராதியில் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு 'இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள்' என்று பொருள். கூச்சப்படுகிறார்கள், நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று அவருக்குப் பாசம் பொங்கியது. இவர்கள் நிச்சயம் மறுபடி வருவார்கள் என்று மைமூனிடம் சத்தியமே செய்தார்.

மறுநாள் விடியற்காலையில் கதவு அதிர்ந்தது. "சார்! சூரியன் வந்துடுச்சு சார்! நீங்க இன்னும் வரல!" அவர்கள் வந்தார்கள், கண்ணைக் கசக்கிக்கொண்டு கும்பிடு போட்டார்கள், சூரியனுக்கா பாய்க்கா என்பது தெரியவில்லை. விட்டாரா? உப்பளத்தைப் பார்க்காமல் போனால் மரக்காணம் பக்கம் வந்ததற்கு என்ன அர்த்தம் என்று உச்சி வெயிலில் வேன் வைத்து அழைத்துப் போனார். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. குடை இல்லை, நிழல் இல்லை. வரப்பில் நிற்கவைத்து, பாத்தியில் தண்ணீர் விடுவதிலிருந்து உப்பு வாருவது வரை விளக்கினார். ஜெனிதா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "காத்து அடிக்குதுங்களா மேடம்?" என்று கேட்டு, காற்றையும் தாண்டிக் கேட்கும்படி குரலை உயர்த்திக்கொண்டார். தலைவலியோடு வந்து படுத்தவளுக்குத் தனியாக இருந்தால் பொழுது போகாதே என்று ஜன்னல் திட்டில் டேப்ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்துப் பாட்டும் போட்டார்.

மூன்றாம் நாளைப் பார்க்க யார் இருந்தார்கள்? அந்த இரண்டாம் நாள் சாயங்காலமே பெட்டியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். சுக்கூர் பாய் ஒரு பை கல்லுப்பும் ஒரு பொட்டலம் இறால் கருவாடுமாக ஓடிவந்தார். மைமூனும் கூடவே வந்தாள், காதைத் தீட்டிக்கொண்டு.

நம் ஊரில் 'போறேன்' என்று யாராவது சொல்வார்களா? சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிற சம்பந்திகூட வாசற்படியில் 'போயிட்டு வர்றேன்' என்று ஒரு முனகல் முனகிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். பஸ் வந்தது. ஜெனிதா ஏறினாள். பெஞ்சமின் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார்.

"ஏறுங்க!" என்றாள் ஜெனிதா, மேலிருந்து. திறந்த வாயை மூடிக்கொண்டு அவரும் ஏறிவிட்டார். பஸ் போயிற்று. பையும் பொட்டலமும் பாய் கையிலேயே இருந்தன.

"மய்யத்து எடுத்த வீட்லேர்ந்துதாங்க இப்பிடிச் சொல்லாம கொள்ளாம போவாங்க" என்றாள் மைமூன்.

பாய்க்கு முகம் செத்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நிஜமாகவே நொந்துபோனார். தெருமுனை வரை பையைத் தூக்கிக்கொண்டே நடந்தார். திரும்பியதும் நின்றார்.

"உனக்கு வெவரம் பத்தல மைமூன். சத்தமே வேணாம்னு வந்த பொண்ணு. கடைசியா போறப்ப ஒரு வார்த்த பேசாம போவுதுன்னா, எவ்ளோ அமைதியா வச்சிருந்திருக்கோம்னு யோசிச்சுப் பாரு!"

மைமூன் யோசிக்கவில்லை. நேரே முருகையன் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தாள். மறுநாளே மொசைக் தரையில் உப்பு மூட்டைகள் இறங்கின. முருகையனின் ஆட்கள் இப்போது தினம் முறையிடுகிறார்கள்: "பாய், மொதல்ல மூட்டைய எறக்க விடுங்க பாய், அப்பறம் சர்பத் குடிக்கிறோம்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, உங்கள் வீட்டில் யாரையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, எல்லாம் அவரவர் இஷ்டம். ரொம்பச் சரி. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதர், போதும் போதும் என்று இலைமேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாரே, விரலிடுக்கு பார்த்துச் சாம்பாரை ஊற்றியது யார்? அவருக்குக் கை கொப்பளித்துவிட்டதாம். களிம்பு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.