மேனேஜர் கட்டிய ஈ

"மேனேஜர், சூப்புல ஈ கெடக்கு" என்றார் ஜன்னலோர மேசைக்காரர்.

மேனேஜருக்கு ரத்தம் தலைக்கேறியது. நாற்காலி முதுகில் போட்டிருந்த ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போனார். மலையாற்றங்கரையில் இருந்த அந்த விடுதியின் சாப்பாட்டு ஹாலுக்கு அவர்தான் பொறுப்பு. ஜன்னல்களுக்கெல்லாம் கூடவே நின்று வலை அடிக்க வைத்தவர். அங்கே ஈ என்றால் அவர் வளர்ப்பையே குறை சொன்ன மாதிரி.

"இங்க ஈ எறும்பு நுழைய முடியாது சார்."

"நுழைஞ்சிருக்கே" என்று ஒரு அடையாள அட்டையை எடுத்து வைத்தார் அவர். சுகாதார அதிகாரி. மேனேஜர் கை நீட்டுவதற்குள் கிண்ணத்தைத் தட்டால் மூடிவிட்டார். "தொடாதீங்க. இது சாட்சி."

மூடுவதற்கு முன் மேனேஜர் பார்த்துவிட்டார். நுரை மேல் இறக்கை விரித்து, கறுப்பாக ஒன்று கிடந்தது. அவருக்குப் பகீரென்றது. உடனே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

லீவு நாளில் ஆற்றில் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவது அவர் வழக்கம். புழு குத்திப் போடுவதெல்லாம் அவருக்குக் கேவலம். சின்ன முள்ளில் இறகும் முடியும் சுற்றி, அசல் ஈயைப் போலவே கட்டி, அது தானாக வந்து தண்ணீரில் உட்கார்வதுபோல் வீச வேண்டும். மீன் ஏமாந்து கவ்வ வேண்டும். இதுவரை ஒரு மீனும் ஏமாறவில்லை. கூட்டமில்லாத நேரத்தில் மற்ற மேனேஜர்கள் ஈ ஓட்டுவார்கள். இவர் ஈ கட்டுவார். இன்று காலை கல்லாவில் உட்கார்ந்து கட்டிய கறுப்பு ஈயைக் காணாமல், சப்ளையரையும் கூட்டிக்கொண்டு ஹால் முழுக்கத் தேடியிருந்தார்.

அது இங்கேயா வந்து விழுந்திருக்கிறது.

"சார், இது ஈ இல்ல."

"பின்ன திராட்சையா?"

"நான் கட்டின ஈ. மீன் பிடிக்கறதுக்கு. அசல் ஈ எங்க ஹால்ல கெடையாது. அதைத் தெளிவா சொல்லிடறேன்."

அதிகாரி கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப அதுக்குள்ள முள் இருக்கும்."

"சின்ன முள்தான் சார்."

"என் தொண்டையும் சின்னதுதான்."

"முள் வெளிய தெரியாம இறகு சுத்தியிருக்கேன்."

"என்ன இறகு?"

"விடுதித் தலைகாணியில எடுத்தது. மாடியில மூலை ரூம்."

"நான் தங்கியிருக்கற ரூம். ராத்திரி கழுத்து திரும்பல எனக்கு." அவர் முகம் சிவந்தது. "அந்தக் கறுப்பு உடம்பு?"

"நாய் முடி." மேனேஜர் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "குளிப்பாட்டின நாய் சார்."

"பளபளன்னு இருந்துச்சே?"

"என் வீட்டுக்காரியோட நெயில் பாலிஷ்."

பக்கத்து மேசையில் ஒரு அம்மாள் தன் சூப்பை மெல்லத் தள்ளி வைத்தாள். அதிகாரி எழுந்துவிட்டார்.

"ஹாலை மூடி சீல் வைக்கறேன். இவ்வளவு அக்கிரமத்தை நான் எங்கயும் பாத்ததில்ல."

மேனேஜர் பதறிக் குறுக்கே வந்தார். இன்னொரு புகார் வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லி முதலாளி போன வாரம்தான் எச்சரித்திருந்தார்.

"ஒரு ஈக்காகவா சார்?"

"ஈயா இருந்தா சத்தம் போட்டுட்டு போயிருப்பேன். ஈ எங்கதான் விழல? இது முள்ளு, நாய் முடி, நெயில் பாலிஷ்."

"அப்ப ஈன்னே வச்சுக்கங்க சார்."

"இல்லன்னு நீங்கதானே அடிச்சு சொன்னீங்க?"

சாட்சியைப் பையில் போட அதிகாரி தட்டைத் தூக்கினார். குனிந்து பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நானும் இந்த ஆத்துல ட்ரவுட் பிடிக்கறவன்தான். இது என்ன கட்டு? இறக்கை ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. காலெல்லாம் கோணல். உலகத்துல எந்த ஈ இப்படி இருக்கும்?"

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வார் போலிருந்தது, இதைத் தாங்க முடியவில்லை.

"கொஞ்ச நேரம் முன்னாடி நீங்களே நம்பினீங்களே சார். பெரிய மனுஷன், மீன் பிடிக்கறவர், நீங்களே ஏமாந்துட்டீங்க. அதுக்கு மேல என்ன வேணும்?"

"நான் ஏமாந்தது பசியில. வயித்துல பசியோட வர்ற மீன்கூட இதை மதிக்காது."

"பாக்கத் தெரியாதவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று மேனேஜர் கோபத்தில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

மேசையருகே நின்று அந்த முதுகையே உற்றுப் பார்த்த சப்ளையர், தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், காலைலேருந்து தேடினீங்களே உங்க ஈ, அது உங்க ஸ்வெட்டர் முதுகுலயே குத்திக்கிட்டு இருக்கு."