கண்டியா அண்ணாச்சி

திருவனந்தபுரத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். கழக்கூட்டத்து ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரர், நாஞ்சில் நாட்டுக்காரர். எதைச் சொன்னாலும் "நீ கண்டியா?" என்பார். அதனால் அவர் பெயர் கண்டியா அண்ணாச்சி. கேன்டீனில் மீன்கறி உண்டு என்றால்கூட, அடுக்களைக்குள் போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

கம்ப்யூட்டரிடம் மணி கேட்கும் ஃபங்ஷன்கள், அதாவது குட்டிக் குட்டிப் புரோகிராம்கள், கொண்ட ஒரு லைப்ரரியை நாங்கள் வெளியிட இருந்தோம். ஒவ்வொரு ஃபங்ஷனும் எந்தெந்த சிஸ்டத்தில் ஓடும் என்று எழுதுவது அண்ணாச்சியின் வேலை. அரை நாள் வேலை ஐயா அது! வாரக்கணக்கில் இழுத்தார். இழுத்த இழுப்பில் என் தங்கையின் கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டது; மறுநாள் காலை நாகர்கோவிலில் முகூர்த்தம். இவர் முடித்தால்தான் எனக்கு லீவு. கடைசியாக ஒரே ஒரு ஃபங்ஷன் பாக்கி.

"பழைய சிஸ்டத்துலயும் ஓடும் அண்ணாச்சி. எழுதுங்க."

"நீ கண்டியா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரும் கண்டாவளா?"

அந்தப் பழைய சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர் மலைப்பக்கம் விதுராவில் ஒரு டைப்பிங் சென்டரில் இருந்தது. ஃபங்ஷனை எழுதியவன் நான் என்பதால் என்னையும் பஸ்ஸில் ஏற்றினார். கையில் வாட்ச் கட்டிய இரண்டு பேர், மலையடிவாரம் வரை மணி கேட்கப் போனோம்.

அந்தக் கம்ப்யூட்டரில் பேட்டரி செத்துப் போயிருந்தது. நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தைக் காட்டியது.

"வருஷம் தப்பா இருந்துட்டுப் போட்டும்டே. கேட்டா பதில் சொல்லுதா, அது போரும்."

பதில் சொன்னது. காலையில் நான் சொன்ன அதே முடிவு! கொஞ்சம்கூட வெட்கமில்லாமல் 'ஓடும்' என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கல்யாணத்துக்காவது வருவியளா?" என்று கேட்டேன்.

"அது எப்பிடிடே இப்பமே சொல்லது? பஸ் கிட்டணும், மழை விடணும். நாளைய சங்கதிய நான் கண்டேனா?"

நீங்கள் வரவே வேண்டாம் என்று கத்திவிட்டு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

வருகிறோம் என்று வாய் நிறையச் சொன்ன ஆபீஸ்காரர்களில் ஒருவரும் மறுநாள் வரவில்லை. ராத்திரியெல்லாம் கொட்டிய மழை விடவே இல்லை. மண்டப வாசலில் வேட்டி நனைந்து, தலை சொட்டச் சொட்ட அண்ணாச்சி நின்றார்.

"வாறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்பிடாதா?"

"இப்பம் நீ கண்டியா?" என்றார்.

கண்டேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. ஆனாலும் பிடித்த கையை விட மனம் வரவில்லை, அப்படியே பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.