அத்தானின் கன்னத்தில் ஐந்து விரல்

ஆராய்ச்சி செய்கிறவனுக்கு அக்கா இருக்கலாம். ஆனால் ஆராய்ச்சி நடக்கும் வேளையில் அந்த அக்காவுக்குக் கலியாணம் வரக்கூடாது.

மீள்குடியேறிய பிறகு பாப்பாமோட்டையில் எங்கள் வீட்டில் நடந்த முதல் கலியாணம் அது. கூரைக்குத் தகரம் வந்திருந்தது, கதவு இன்னும் வரவில்லை. அடம்பனிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணாமல் தாலி ஏறவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை. நானோ பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவன். கடலோரக் கண்டல் மரத்தின் இலைச் சாற்றைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத வெள்ளி நனோ துணிக்கை செய்து, அது கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. (உலகமே அதற்காகக் காத்திருப்பதாக நினைப்பு.) கலியாணத்தன்று காலையிலும் பட்டு வேட்டியோடு, வெறுங்கையால் வெள்ளி நைத்திரேற்று உப்பைக் கரைத்து, இலைச்சாறு விட்டு, முற்றத்து வெயிலில் வைத்தேன். கையில் பட்டது வெறும் தண்ணீர்போல இருந்தது. துடைக்கத் துணி தேடுவதற்குள் மாப்பிள்ளை வந்து இறங்கிவிட்டார்.

அவருடைய மாலையிலிருந்து ஓர் எறும்பு கன்னத்தில் ஏறியது. "அசையாதேங்கோ அத்தான்" என்று உள்ளங்கையால் பொத்திப் பிடித்தேன். பிறகு பெண்ணின் தம்பி என்ற முறையில், தோழனாக அவர் காலைக் கழுவி, அதற்கு வழக்கப்படி மோதிரமும் வாங்கிக்கொண்டேன்.

முகூர்த்தத்துக்கு நேரம் இருந்ததால் படம் பிடிப்பவர் அத்தானை வெயிலில் நிறுத்தினார். என் கையிலிருந்து ஒட்டிய வெள்ளி உப்பு வெயில் பட்டால் கறுக்கும். படம் கமராவில் விழமுன் கன்னத்தில் விழுந்துவிட்டது, ஐந்து விரலும் தெளிவாக.

"ஐயோ, என்ர பிள்ளைக்கு ஆர் அடிச்சது?" என்று அத்தானின் தாயார் கத்தினார். மேளம் நின்றது.

"ஒருத்தரும் அடிக்கேல்லை மாமி, இது என்ர மருந்து" என்று கையை நீட்டினேன். கையும் கறுத்திருந்தது. அளவெடுத்ததுபோல் கன்னத்தோடு பொருந்தியது. (தன் வழக்குக்குத் தானே எதிர்ச்சாட்சி சொன்னவன் நான்தான்.)

"வா மோனை, போவம். இஞ்ச தாலி கட்டத் தேவையில்லை."

உள்ளே அக்கா அழுவது கேட்டது. ஓடிப்போய் சாறு விடாத மிச்ச வெள்ளிக் கரைசலில் கையை நனைத்து, எல்லோர் முன்னாலும் என் கன்னத்தில் ஓங்கி அறைந்துகொண்டு வெயிலில் நின்றேன். "கொஞ்சம் பொறுங்கோ மாமி, வெயில் பட எனக்கும் இப்பிடித்தான் கறுக்கும்!"

கலியாணவீடு முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. ஐயர்கூட எழும்பி வந்தார். மெல்ல மெல்ல ஐந்து விரலும் வந்தன. முதலில் சிரித்தவர் மாமிதான்.

"கழுவினால் போகுமோ?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"தோல் உரியேக்க போகும் அத்தான். ஆனால் கிருமி அண்டாது."

மேளம் மறுபடி முழங்கியது, தாலி ஏறியது. அம்மா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இன்று நான் விரிவுரையாளன், பெயருக்கு முன்னால் கலாநிதிப் பட்டமும் உண்டு. மாமி என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் பெருமையோடுதான் சொல்வார்: "இவர் பெரிய படிப்பாளி. என்ர மோன்ர கன்னத்தில படிச்சுத்தான் கலாநிதியானவர்."