கீரி கவ்விய கோழிகள்

புரட்டாசி மாதத்தில் என்னைப் போல ஒரு யோக்கியன் மோகனூர் வட்டாரத்திலேயே கிடையாது. வெளியே அப்படித்தான் பேச்சு. உள்ளே நடந்தது வேறு.

எழுபத்தெட்டாம் வருசம். காவிரிக்கரையில், கரும்புக்காட்டை ஒட்டி ஒரு சர்க்கார் விருந்தினர் விடுதி. நான் அதற்கு வாட்ச்மேன். விடுதிக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அந்தத் தை மாதம் எனக்கு மஞ்சக்காமாலை வந்து பிழைத்தேன். பிழைத்ததற்காக, புரட்டாசி முழுக்க நான் கவுச்சி தொடமாட்டேன் என்று நைனாமலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டாள் என் சம்சாரம் சௌந்திரம். காமாலை எனக்கு. வேண்டுதல் அவளுக்கு. பத்தியம் மறுபடியும் எனக்கு.

முதல் வாரமே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் எனக்கு நாக்கு நமநமவென்று இருக்கும். பார்க்கிற பக்கமெல்லாம் கறி நடமாடுகிறது. வரப்பில் காடை ஓடுகிறது. வேலியில் உடும்பு ஏறுகிறது. வாய்க்காலில் நாரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு என்னையே பார்க்கிறது. காட்டில் திரிவதைத் தொட்டால் வேலை போய்விடும். வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன.

திட்டம் போட்டேன். செவலைக் கோழியைத் துண்டில் சுருட்டி விடுதிச் சமையல்காரன் ரங்கனிடம் கொடுத்தேன். "இஞ்சினீயர் வாராரு, கொழம்பு வையி" என்றேன். வேலியோரம் நாலு இறகைத் தூவிவிட்டு, விடுதியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வீட்டுக்கு ஓடிப் பதறினேன்.

"சௌந்திரம், செவலையக் கீரி கவ்விட்டுப் போயிருச்சு."

"ஏனுங்க, நீங்க பாத்தீங்களா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"கீரி பெருசுங்களா?"

"பெருசு. என்னையே மொறைச்சுது."

"சரி, போவுட்டும் உடுங்க."

அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு முட்டை குறைந்தாலே பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்கும்படி பேசுகிறவள். முழுக் கோழி போனதற்கு 'போவுட்டும் உடுங்க' என்கிறாள். அப்புறம் கூடையை எடுத்துக்கொண்டு கரும்புக்காட்டுப் பக்கம் போனாள். கீரியைத் தேடத்தான் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் விடுதிப் பின்கட்டில் ரங்கன் இலை போட்டான். குழம்பு என்றால் அதுதான் குழம்பு. மிளகும் மல்லியும் தூக்கலாக, வாயில் வைத்தால் கரைகிறது. ஆனால் துழாவிப் பார்த்தும் ஒரு எலும்பு தட்டுப்படவில்லை.

"ரங்கா, எலும்பைக் காணமே?"

"பெரிய ஆபீசருங்களுக்கு எலும்பெடுத்துத்தானுங்கண்ணா வைக்கறது."

"இஞ்சினீயர்தான் வரலையே."

"அதனாலதானுங்க உங்களுக்கு."

எனக்கு உத்தியோக உயர்வு வந்த மாதிரி இருந்தது. இன்னொரு தரம் சோறு போடச் சொன்னேன்.

அடுத்த வாரம் கருங்கோழி. அதற்கடுத்த வாரம் புள்ளிக்கோழி. கீரியின் மேல் பழி போடப் போட, சௌந்திரத்தின் சாந்தம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, இத்தனை கோழி தின்னா அந்தக் கீரிக்குச் செரிக்குமுங்களா?"

எனக்குப் புரையேறியது. தலையில் தட்டிவிட்டாள். "நீங்க பாவம், ரசஞ்சோத்துல எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். என் சட்டைக்கு வயிற்றுப் பித்தான் அப்போது போட முடியவில்லை. சொன்னது பரிவா, குத்தலா என்று நாலு நாளாக யோசித்தேன். பிடிபடவில்லை.

புரட்டாசி கடைசி நாள். மோகனூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனவள், ஒரு கூடையோடு திரும்பி வந்து என் முன்னால் இறக்கி வைத்தாள். மூடியை எடுத்தாள். செவலை, கருப்பு, புள்ளி. மூன்றும் உயிரோடு கழுத்தை நீட்டின.

"கீரி கவ்விட்டுப் போன கோழிங்க திரும்பி வந்திருச்சுங்க."

"எ... எப்படி?"

"பெருமாள் மகிமைங்க. கீரி கவ்வுனதை நீங்க பாத்தது நெசந்தானுங்களே?"

"நெசந்தான்."

"அப்ப இது அதிசயந்தானுங்க. அதுக்குத்தான் இன்னொண்ணு வேண்டிக்கிட்டேன். ஐப்பசி பூராவும் நீங்க கவுச்சி தொடறதில்லீன்னு."

"நடுவுல தீபாவளி வருதே, புள்ள."

"வரட்டுமுங்க. இல்ல, கீரியே வரலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. வேண்டுதலை மாத்திக்கலாம்."

எந்த வாயால் சொல்வேன்? கோழிகளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு நேராக ரங்கனிடம் போனேன்.

"ரங்கா, மூணு வாரமா எனக்கு என்னத்தடா போட்டே?"

"காளானுங்கண்ணா. மழைக்குக் கரும்புக்காட்டுப் புத்துல மொளைச்சது."

"கோழி?"

"எனக்கு நாட்டுக்கோழி அறுக்கத் தெரியாதுங்க. சௌந்திரம் அக்காகிட்டக் குடுத்து அறுத்துத் தரச் சொன்னேன். பாத்ததுமே கோழியக் கூடைல போட்டு மூடிட்டு, அவங்களே காளானைக் கோழிக் கொழம்பாட்டம் வெச்சுக் குடுத்தாங்க. எலும்பு எங்கேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுகூட அவங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க."

"எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடா?"

"எங்கீங்கண்ணா சொல்றது? நீங்க தின்னு முடிச்சு எந்திரிக்கற வரைக்கும், மூணு வாரமும் அக்கா சன்னலுக்கு அந்தப் பக்கந்தானுங்க நின்னு பாத்துட்டிருந்தாங்க."