மாத்திரை நாளில் வீட்டுப் பக்கம் வராதே

மேலூர் மாப்ள செல்வக்குமாருக்கு, மதுரையிலிருந்து உன் அக்கா புருஷன் கருத்தக்கண்ணன் எழுதுவது. அங்கே எல்லாரும் சௌக்கியமாக இருக்க அழகர் அருள் புரியட்டும். என் சௌக்கியத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அதை நீயே ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாய். போனில் பேசினால் என்னை வாய் திறக்க விடமாட்டாய், அதனால்தான் இந்தக் கடுதாசி.

டவுன் பஸ்ஸில் "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று காலமெல்லாம் கத்திப் பிழைத்த கண்டக்டர் நான். ஓய்வு பெற்ற பிறகு கூட்டத்தைக் கண்டாலே நெஞ்சு படபடத்து, மூச்சு அடைத்து, இதோ உயிர் போகிறது என்று ஆகிவிடுகிறது. இதயத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அது என்னைவிட நன்றாக இருக்கிறதாம். பேனிக் டிஸார்டர் என்றார் டாக்டர் சிவராம். மகள் பவதாரிணி கல்யாணத்துக்குள் சரியாகி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் மேடையில் நின்று நானே அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். கவுன்சலிங்குக்கு ஏற்பாடு செய்து, கூடவே ஒரு மாத்திரையும் கொடுத்தார். "இது பயத்தை அமுக்குற மாத்திரை இல்லைங்கய்யா. கவுன்சலிங்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்கங்க. அங்க மனசு கத்துக்கிறது நல்லாப் பதியும்" என்றார்.

உன் அக்கா ஒச்சம்மாள் இதில் கடைசிப் பாதியைத்தான் காதில் வாங்கினாள். மாத்திரை தொண்டையில் இறங்கியதும் எதிரே உட்கார்ந்து, ஈரத் துண்டைக் கட்டிலில் போடக்கூடாது என்பதில் ஆரம்பித்தாள். இதென்ன என்று நான் கேட்டதற்கு, "பேசித்தானே கொணமாக்குறாக? அதை நாம பேசுனா ஆகாதா?" என்றாள். மாத்திரை போட்டதும் எது சொன்னாலும் பதியும் என்று தெருவுக்கும் சொல்லிவிட்டாள். அடுத்த முறை மாத்திரை போட்டபோது மாடி வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டார் விஷயமாக வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த முறை நீ. மேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, காபியைக்கூட ஆறவிட்டு, கல்யாண ஃப்ளெக்ஸில் தாய்மாமன் படம் எம்புட்டுப் பெரிசாக இருக்க வேண்டும் என்று பேசினாய். கூலிங் கிளாஸோடு, கல்யாண மாப்பிள்ளையின் தலையைவிட உன் தலை பெரிதாக. ஒரு மணி நேரமும் வேறு பேச்சில்லை.

அன்றைக்குத்தான் கவுன்சலிங் தருகிற பிரியம்வதா அம்மா என்னைக் கூட்டமான டவுன் பஸ்ஸில் சிம்மக்கல்லுக்குக் கூட்டிப்போனார். பயம் வந்தால் இறங்கி ஓடக்கூடாது, உட்கார்ந்திருந்தால் அது ஏறின மாதிரியே தானாக இறங்கும், அதை மனசு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் பாடம். வைகைப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. "இப்ப மனசுல என்ன ஓடுது?" என்று அந்த அம்மா கேட்டார். உண்மையைச் சொன்னேன்: "கூலிங் கிளாஸ் போட்ட என் மச்சினன்." சிரிப்பை அடக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடம் போய் உட்கார வேண்டிய இடத்தில் நீ போய் உட்கார்ந்துவிட்டாய்.

ஆகவே மாத்திரை நாளில் வீட்டுப் பக்கம் வராதே. அப்புறம், பத்திரிகை வைக்கப் போகிற வீடுகளிலெல்லாம் "மச்சான் மேடையில மயங்கிருவாரு, அவருக்குப் பதிலா நான்தான் நிக்கப் போறேன்" என்கிறாயாமே. கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகள் கையை நான்தான் பிடித்துக் கொடுப்பேன். உன் தயவு தேவையில்லை. ஃப்ளெக்ஸில் உன் படம் தபால்தலை அளவுதான்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். இந்தப் போகம் உன் நெல்லுக்கு நல்ல விலை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. இன்றைக்கு மாத்திரையும் இல்லாமல், துணையும் இல்லாமல் பஸ் ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். பாலத்தில் நெஞ்சு அடித்தது. இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். அப்போது பார்த்து உன் கூலிங் கிளாஸ் மூஞ்சி கண்முன் வந்தது. வந்த கோபத்தில் உனக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே திரும்ப உட்கார்ந்தேன். சொல்லி முடிப்பதற்குள் சிம்மக்கல் வந்துவிட்டது. பயம் எந்த ஸ்டாப்பில் இறங்கியது என்றே தெரியவில்லை. இது பாடத்தில் சேராது என்று பிரியம்வதா அம்மா சொல்வார், நான் அவரிடம் சொல்லப் போவதில்லை. கல்யாணத்தன்று எனக்குப் பதிலாக நிற்காதே மாப்ள, என் பக்கத்தில் நில். என் முகம் வெளுத்தால் ஃப்ளெக்ஸ் பேச்சை எடு. படத்தைப் பெரிதாகவே போடச் சொல்லிவிட்டேன்.